ரஞ்சிதத்தின் பங்கு

என் கண்ணான மகனே,

நீ போட்ட கடிதம் கிடைத்தது. வாசலில் நின்றே ஒருமுறை வாசித்தேன். உன் அப்பா குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்ததும் அவருக்காக இன்னொருமுறை உரக்க வாசித்தேன். ஒரு பக்கம் முழுக்க உன் குதிரையைப் பற்றியே எழுதியிருக்கிறாய். பட்டணத்துக் குதிரைப் போலீசில் உனக்கென்று ஒதுக்கியிருக்கும் அந்தக் குதிரை கப்பலில் வந்த பெரிய சாதி என்றும், அதன் முதுகு உன் தலைக்குச் சரியாக நிற்கிறது என்றும், வயிறு பானை போல் இருக்கிறது, ஆனால் முதுகெலும்பு தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறாய். ஒருவர் கொழுத்துவிட்டது, தீனியைக் குறை என்கிறாராம். இன்னொருவர் இளைத்துவிட்டது, தீனியைக் கூட்டு என்கிறாராம். யார் சொல்வது சரி என்று "அப்பாவிடம் கேட்டு எழுதவும்" என முடித்திருக்கிறாய். அந்தக் கடைசி வரி எனக்கு முள்ளாய்க் குத்தியது. எழுதுகிற கை மட்டும்தான் அம்மாவுடையது, விஷயம் அப்பாவுடையது என்று நினைத்துவிட்டாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்து உன் அப்பா சிரித்தார். "நீயே எழுதுட்டி. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுது" என்றார். அதனால் நானே எழுதுகிறேன்.

ஒரு குதிரை இருக்க வேண்டிய எடையில் இருக்கிறதா என்று பார்க்க நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விதத்தில் நான் அதைக் கற்கவில்லை. பொறாமையால் கற்றுக்கொண்டேன். உனக்கு இப்போது இருபத்திரண்டு வயது ஆகிறது. கல்யாணமும் ஆகிவிட்டது. இனி உன்னிடம் சொல்லலாம்.

நான் கடையத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பதினேழு வயதில் உன் அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டேன். கல்யாணம் முடிந்து அவருடைய சொந்தக் குதிரை வண்டியிலேயே என்னைத் தென்காசிக்குக் கூட்டி வந்தார். உள்ளே நான், என் தகரப் பெட்டி, இரண்டு பலகாரக் கூடை. முன்னால் அவர். வெயில் ஏற ஏற எனக்குத் தொண்டை வறண்டது. புது மாப்பிள்ளையிடம் தண்ணீர் கேட்க வெட்கமாக இருந்தது. அப்போது அவர் வண்டியை ஒரு வாய்க்கால் ஓரம் நிறுத்திவிட்டு, "தாகமா இருக்காட்டி ரஞ்சிதம்? வா, குடி" என்றார். என் பெயர் ரஞ்சிதம் இல்லையே என்று திடுக்கிட்டு எட்டிப் பார்த்தால், குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு ஜமீன் லாயத்தைக் கலைத்தபோது வாங்கிய செம்பழுப்புப் பெட்டைக் குதிரை அது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தது. பெயரும் அங்கிருந்தே அதனோடு வந்தது. அது குடித்து முடித்தது. அவரும் இரண்டு கை அள்ளிக் குடித்தார். அதன் விலாவைத் தடவிப் பார்த்தார். மறுபடி பூட்டி ஓட்டினார். நான் தென்காசி வந்துதான் தண்ணீர் குடித்தேன். அன்றைக்கே எனக்கு அந்தக் குதிரையைப் பிடிக்காமல் போயிற்று.

உன் அப்பா கெட்டவர் இல்லை. அது உனக்கே தெரியும். அவருக்குப் பேச வராது, அவ்வளவுதான். ஆனால் ரஞ்சிதத்திடம் மட்டும் பேச்சு வரும். வெள்ளிக்கிழமை காலையில் அதைக் குளிப்பாட்டித் துவட்டியதும், அதன் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு உள்ளங்கையாலும் தோளிலிருந்து பின்தொடை வரை மெல்லத் தடவிப் பார்ப்பார். கழுத்தைப் பிடித்துப் பார்ப்பார். வால் முளைக்கும் இடத்தை அமுக்கிப் பார்ப்பார். "ஒரு சுத்து எளைச்சிருக்கியே, சவாரி சாஸ்தியோ?" என்பார். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் இளைத்ததை அவர் பார்க்கவில்லை. ஊர் நினைப்பிலும், பிறகு நீ வயிற்றில் வந்து ஓயாமல் வாந்தி எடுத்ததிலும், என் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. நீ வந்திருப்பது எனக்கே அப்போது சரியாகப் புரியவில்லை. தட்டில் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பேன். அவர் குனிந்து தன் சோற்றைச் சாப்பிடுவார். ரஞ்சிதம் வாளியில் ஒரு கை கொள்ளை மிச்சம் வைத்தால் மட்டும் அன்று முழுக்க அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வீட்டுச் செண்பகத்தக்கா வேடிக்கைக்காரி. ஒருநாள் கிணற்றடியில் எல்லாப் பெண்களும் இருக்கும்போது அவள் சொன்னாள்: "ஏட்டி, உன் மாப்பிள்ளைக்கு மூத்தவ ரஞ்சிதந்தான். நீ எளையவளா வந்து சேந்திருக்க. மூத்தா கிட்ட பாத்து அனுசரிச்சுப் போ." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் லாயத்துப் பக்கம் பார்த்தேன். அது என்னைப் பார்த்துக் காதை மடக்கியது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாயில்லாச் சீவன் மீது பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது. ஆனால் வெட்கத்தால் பொறாமை குறையவில்லை, கூடியது.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தது. சீசன் என்றால் தென்காசி ஸ்டேஷனிலிருந்து குற்றாலத்துக்கு ஓயாமல் சவாரி. வந்து இறங்குகிற கூட்டத்துக்கு வண்டி போதாது. ரஞ்சிதத்துக்கு அந்த நாட்களில் தீனி கூடுதலாக வேண்டும். கொள்ளு வேகவைப்பது என் வேலை. ஒருநாள் காலை, வெந்த கொள்ளின் ஆவி முகத்தில் அடித்தபோது, பல நாளாய் வராத பசி எனக்கு வந்தது. ஒரு கை அள்ளி உப்புப் போட்டுத் தின்றேன். வாந்தி வரவில்லை. மறுநாள் தேங்காய்ச் சில்லு சேர்த்து இரண்டு கை தின்றேன். அதுவரை அது பசிதான். அதற்குமேல் செய்தது பசியில்லை. அதன் பங்கை நான் தின்கிறேன் என்ற நினைப்பு கொள்ளைவிட ருசியாக இருந்தது. கால் பங்கு போய் அரைப் பங்கை எடுக்க ஆரம்பித்தேன். என்னால் தின்ன முடியாததைச் செண்பகத்தக்கா வீட்டு ஆட்டுக்குப் போட்டேன். வாளி நிறைந்து தெரிய வேண்டுமே என்று தவிட்டையும், நறுக்கிய வைக்கோலையும், தண்ணீரையும் கலந்து வைத்தேன். ரஞ்சிதம் ஒரு சொட்டு விடாமல் தின்றுவிட்டு என் முகத்தைப் பார்க்கும். நான் வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், கவனமாய்க் கேள். வைக்கோலும் தவிடும் தின்ற குதிரைக்கு வயிறுதான் பெருக்கும், சதை பிடிக்காது. ரஞ்சிதத்தின் வயிறு நாளுக்கு நாள் உருண்டது. ஸ்டேஷனில் மற்ற வண்டிக்காரர்கள், "என்ன அண்ணாச்சி, உங்க குதிரை மட்டும் சீசன்ல கொழுக்கு! என்னத்தப் போடுதீய?" என்று கேட்டார்களாம். கண்ணால் பார்த்தவர்களுக்கு அது கொழுத்த குதிரை. உன் அப்பா வெள்ளிக்கிழமை தடவிப் பார்த்தபோது விரல் நின்றது. மறுபடி தடவினார். சட்டென்று கண்ணைத் திறந்தார். ஒரு நூல் கயிற்றை எடுத்து முன்னங்காலுக்குப் பின்னால், தோள் மேட்டைச் சுற்றி அளந்து ஒரு முடிச்சுப் போட்டார். அடுத்த வெள்ளி அதே இடத்தில் கயிற்றைச் சுற்றினார். முடிச்சைத் தாண்டி இரண்டு விரற்கடை மிஞ்சியது. அதற்கடுத்த வெள்ளி நாலு விரற்கடை. வயிற்றில் பூச்சியோ என்று மருந்து கொடுத்தார். பல் கூராகி வாயைக் கிழிக்கிறதோ என்று உள்ளே கையை விட்டுப் பார்த்தார். சீசன் என்றும் பாராமல் இரண்டு நாள் வண்டி பூட்டாமல் நிறுத்தினார். அந்தக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் லாயத்தில் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. தாய்க்குச் சீக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. எனக்கு இப்படி ஒருநாள் உட்கார்ந்தாரா என்றுதான் நினைத்தேன். உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆடி பிறந்த சமயம் நான் கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். செண்பகத்தக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே உன் அப்பாவிடம் போய், "வண்டிக்காரரே, குதிரைக்கு மருந்து தேடுனது போதும். உம்ம பொண்டாட்டிக்கு மூணு மாசம் போல இருக்கு, அதப் பாரும்" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் முன்னால் வந்து நின்றார். கடைசியில், "அருவிக்குப் போவமா? நீ இன்னும் பாக்கலைல்லா" என்றார். குற்றாலத்துக்கு மூன்று மைலில் குடியிருந்துகொண்டு, வந்த இத்தனை மாதத்தில் நான் அருவியைப் பார்த்ததில்லை. பச்சைக் கண்டாங்கி கட்டிக்கொண்டேன். மேலகரம் தாண்டும்போது ஒரு கிழவியிடம் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பேரருவியில் கூட்டம் நெரித்தது. ஐந்தருவிக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். மேடு ஏற ஆரம்பித்ததும் அவர் கீழே குதித்து, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "நீ ஒருத்தி பாரந்தான். இவளால முடியல, நான் நடந்து வாரேன்" என்றார். இன்றைக்குமா இவளுக்காக நடக்க வேண்டும் என்று எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது. "பூவும் வாங்கிக் குடுங்க அவளுக்கு" என்றேன். அவர் காதில் விழவில்லை. சாரல் வலுத்துவிட்டது.

ஒரு வளைவில் ரஞ்சிதத்தின் முன்கால் வழுக்கியது. அப்படியே மண்டியிட்டுப் பக்கவாட்டில் சரிந்தது. வண்டி முன்னால் குப்புறச் சாய்ந்தது. குதிரையின் இரண்டு பக்கமும் நீண்டிருக்கும் ஏர்க்கால்களில் ஒன்று அதன் அடியில் மாட்டிக்கொண்டது. இடப்புறம் பள்ளம். குதிரை எழும்ப உதறிய ஒவ்வொரு உதறலுக்கும் வண்டி அந்தப் பக்கமாக நகர்ந்தது. நான் உள்ளே ஒரு மூலையில் கிடந்தேன். நான் பார்த்தது இவ்வளவுதான்: உன் அப்பா பாய்ந்து போய் அந்தக் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அதன்மேல் படுத்துவிட்டார். என் பக்கம் வரவில்லை. "எறங்குட்டி! மேட்டுப் பக்கமா எறங்கு! எறங்கு!" என்று கத்தினார். நான் எப்படியோ உருண்டு இறங்கினேன். மழையில் நின்றேன். பூ அவிழ்ந்து தோளில் தொங்கியது. இத்தனை மாதக் கோபமும் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"அவளையே கட்டிக்கிட்டுக் கெடங்க! நான் இங்கன செத்தா என்ன, கெடந்தா என்ன! அவ பாதிக் கொள்ளை நாந்தான் தின்னேன். ஒரு மாசமாத் தின்னேன். இன்னும் தின்பேன்!" என்று அலறினேன்.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். குதிரையின் கழுத்தை விடவில்லை. பின்னால் வந்த இரண்டு வண்டிக்காரர்கள் ஓடிவந்து வாரை அறுத்து, ஏர்க்காலைத் தூக்கினார்கள். அதன் பிறகுதான் அவர் கழுத்திலிருந்து எழுந்தார். அவருடைய வலது கை துவண்டு தொங்கியது. தரையில் கிடக்கும் குதிரை தலையைத் தூக்கினால்தான் எழும்ப முடியும், கழுத்தை அமுக்கி வைத்தால் அசையாது. அது அசையாமல் இருந்ததால்தான் வண்டி பள்ளத்தில் போகவில்லை. வண்டியில் இருந்தது நானும் நீயும். இதை அந்த வண்டிக்காரர்களில் ஒருவர் போகும் வழியில் எனக்குச் சொன்னார். "ஏர்க்கால் தோள்ல இடிச்ச இடி, வேற ஆளா இருந்தா விட்டுருப்பான், தாயி" என்றார். அவருடைய வண்டியில்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். உன் அப்பா ஒற்றைக் கையால் ரஞ்சிதத்தைப் பிடித்துக்கொண்டு அத்தனை தூரமும் நடந்தே வந்தார்.

அன்று பொழுது சாயும்போது அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "எப்போலேர்ந்து?" "ஆனி பொறந்ததுலேர்ந்து" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் கொள்ளுப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டார். தோள் எலும்பு விலகிக் கட்டுப்போட்டிருந்த கையோடு தானே கொள்ளை வேகவைத்தார். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வெந்த கொள்ளிலிருந்து முதலில் ஒரு கிண்ணம் எடுத்து, உப்புப் போட்டு, நான் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் மிச்சத்தை வாளியில் கொட்டுவார். எட்டு நாளும் அப்படி வைத்தார். முதல் இரண்டு நாள் நான் தொடவில்லை. மூன்றாம் நாள் அழுதுகொண்டே தின்றேன்.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அவரால் வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கைக்கு அந்த நிதானம் வரவில்லை. இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டு, "இங்கன வா" என்று கூப்பிட்டார். போனேன். ரஞ்சிதத்தின் பக்கத்தில் நின்றேன். "கையை வை. விலாவுல. அமுக்காத, சும்மா தடவு. எலும்பு தட்டுப்படுதா?" தட்டுப்பட்டது. ஒவ்வொன்றாக, பள்ளமும் மேடுமாக, ஏழெட்டு எலும்பை நான் எண்ணினேன். என் கைக்குள் அது மூச்சு விட்டது. நான் தின்ற ஒவ்வொரு கையும் அந்தப் பள்ளங்களில்தான் இருந்தது. நான் கையை எடுத்தபோது அவர் என் கையைப் பிடித்து முஷ்டியாக மடக்கினார். மடக்கிய விரல் கணுக்களின் மேல் என் மற்றக் கையை வைத்து ஓட்டினார். "இப்பிடி இருந்தா எளைப்பு." விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவ வைத்தார். "எலும்பு கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். இப்பிடி இருந்தா சரி." பிறகு கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைத் தொட வைத்தார். "இப்பிடி மெத்துன்னு, எலும்பே ஆம்புடலைன்னா கொழுப்பு. அதுவும் ஆகாது." எட்டு நாளுக்குப் பிறகு என்னைத் தொட்டார். அந்தக் கையை விடாமலே, "குதிரைன்னா தொட்டுப் பாத்துருவேன். உன்னை என்னன்னு கேக்கணும்னு எனக்குத் தெரியலட்டி" என்றார்.

நீ இதை எழுத்துக்கு எழுத்து நினைவில் வை. விலாவை அப்படிப் பார். முதுகைப் பார்க்கும்போது பின்னால் தள்ளி நில். முதுகெலும்பு கூரை முகடு போல் எழும்பி, இரண்டு பக்கமும் சரிந்தால் இளைப்பு. நடுவில் வாய்க்கால் போல் குழிந்தால் கொழுப்பு. கழுத்தின் மேல்விளிம்பைப் பிடித்துப் பார். ஒல்லியாய்க் குழிந்திருந்தால் தீனி போதவில்லை. கல்லாய்த் தடித்திருந்தால் தீனி அதிகம். இடுப்பெலும்பு துருத்துகிறதா, வால் முளைக்கும் இடத்தில் கையில் என்ன படுகிறது என்று பார். ஒரே இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. கயிறு வைத்து அளப்பதானால் எப்போதும் ஒரே நேரத்தில், தீனிக்கு முன்னால், அது மூச்சை விட்ட பிறகு அள. வயிற்றை மட்டும் நம்பாதே. நான் தவிடும் வைக்கோலும் போட்டு ஊரையே ஏமாற்றிய வயிறு அது.

உன் அப்பாவின் கை சரியாகும் வரை நான்தான் அவருக்குக் கை. இளைத்த குதிரைக்கு ஒரேயடியாய்க் கொள்ளைக் கொட்டக்கூடாது, வயிற்றுவலி கண்டு சாகும் என்று சொல்லி, முதலில் நல்ல அருகம்புல், பிறகு ஒரு பிடி கொள்ளு, நாலைந்து நாளுக்கு ஒருமுறை இன்னொரு பிடி என்று ஏற்றச் சொன்னார். சாவி என் இடுப்புக்கு வந்தது. நான் அதிலும் தப்புப் பண்ணினேன். குற்ற உணர்ச்சியில் அவர் சொன்னதைவிட இரண்டு பிடி கூடவே வைத்தேன். கருப்பட்டியும் கொடுத்தேன். ஐப்பசி மழையில் பார்த்தால் ரஞ்சிதத்தின் முதுகில் வாய்க்கால் விழுந்து அதில் மழைத் தண்ணீர் நின்றது. செண்பகத்தக்கா, "கொழுகொழுன்னு ஆக்கிட்டாளே எளையவ!" என்று மெச்சினாள். உன் அப்பாவுக்கு மட்டும் கோபம் வந்தது. "காலுக்கு வந்துரும்ட்டி. குளம்பு சுட்டு நொண்டிப் போயிரும். கூட வைக்கிறதும் குறைக்கிறதும் ஒண்ணுதான், ரெண்டும் அவளைப் பாத்து வைக்கல, உன்னைப் பாத்து வைக்க" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுபடி குறைத்தேன். மார்கழியில் நீ பிறந்தபோது விலா புறங்கையைப் போல் இருந்தது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு லாயத்துப் பக்கம் போனால் அது கனைக்கும். ஒருநாள் உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இப்பொல்லாம் உன்னைப் பாத்துத்தான் கனைக்கா. என்னைக் கண்டா ஏறிட்டுக்கூடப் பாக்கல" என்று முகத்தைத் தொங்கப்போட்டார். இப்போது அவர் முறை என்று நினைத்துக்கொண்டேன். அன்று முழுக்க எனக்குப் பாட்டாகவே வந்தது.

உன் குதிரைக்கு வருகிறேன். வயிறு பானை மாதிரி, முதுகெலும்பு வெளியே என்றால் அது இளைத்த குதிரைதான். தீனியைக் குறைக்கச் சொன்னவர் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்கிறார். விலாவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கே குதிரைகளுக்கு மருந்து பார்க்கும் கம்பவுண்டரிடம் போ. வயிற்றில் பூச்சி இருக்கிறதா, பல் கூராயிருக்கிறதா என்று பார்க்கச் சொல். கிடைக்கிற புல் காய்ந்து கோரையாய் இருந்தால் நல்ல புல்லுக்கு வழி பண்ணு. தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்று. யார் தீனி வைக்கிறார்கள் என்றும் பார். வாளி நிறைந்திருக்கிறதா என்று பார்க்காதே, உள்ளே கையை விட்டு என்ன இருக்கிறது என்று பார். இதை நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும். உன் அப்பாவுக்கு இது தோன்றாது. அவர் யாரையும் சந்தேகப்பட மாட்டார்.

இனி எழுத வேண்டியது ஒன்று பாக்கி. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன் என்று நினைக்கிறேன். எங்களுக்கு நீ எழுதிய அதே தபாலில் உன் பெண்டாட்டிக்கும் தனியாக ஒன்று வந்தது. எங்களுடையது ஒற்றைத்தாள். அவளுடையது கனமாக இருந்தது, நன்றாக ஒட்டியிருந்தது. அவள் அப்போது கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் வளர்த்தவளுக்கு ஒற்றைத்தாள், அதுவும் அப்பாவிடம் கேட்க. சுரண்டையிலிருந்து ஆவணியில் வந்தவளுக்கு இவ்வளவு கனம். பிரிக்கவில்லை, அந்த மட்டும் நல்லவள். ஆனால் அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்குப் போய்ப் போய் வந்தாள். என்னிடம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. போய் எடுத்து வந்து, "இது முந்தாநாளே வந்திட்டு. நாந்தான் ஒளிச்சு வச்சேன்" என்று கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "தெரியும் அத்தை. உங்களுக்கு வந்த காயிதத்துலயே, அவளுக்கும் ஒண்ணு போட்டிருக்கேன்னு எழுதியிருக்காவளே. நீங்க மாமாவுக்கு வாசிக்கும்போது நான் கேட்டேன்" என்றாள். அந்த வரியை நான் என் வாயாலேயே வாசித்திருக்கிறேன், பார். பொறாமையில் எனக்கு அது மனதில் ஏறவே இல்லை. "பொறவு ஏன்டி கேக்கல?" என்றேன். "நீங்களாக் குடுப்பீகன்னு இருந்தேன்" என்றாள்.

கெட்டிக்காரி. ஆனால் வாய் திறந்து கேட்க மாட்டாள், அதை மனதில் வை. உன் அப்பாவின் பிள்ளை நீ. குதிரையின் விலாவைத் தடவிக்கொண்டே, வீட்டில் இருப்பவள் சாப்பிட்டாளா என்று பார்க்காமல் இருந்துவிடாதே. தினமும் அவளிடம் கேள். கேட்கத் தெரியாவிட்டாலும் கேள். உன்னோடு வந்து இருக்க அவளை வரும் புதன்கிழமை உன் அப்பா ரயிலேற்றிவிடுகிறார். நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என்ன செய்வேனோ தெரியாது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வேண்டுமென்றேதான் ஒட்டாமல் கொடுக்கிறேன். ரயிலில் பொழுது போகாது, வாசிக்கட்டும். என்னைப் பற்றி அவள் தெரிந்துகொள்ள வேண்டியதை நானே சொன்னதாக இருக்கட்டும்.

ஒன்று மட்டும். இனிமேல் நீ எழுதும்போது எனக்கென்று தனியாக ஒரு கடிதம் போடு. கனமாக இருக்க வேண்டும். நன்றாக ஒட்டி அனுப்பு.

உன் அம்மா.